கறையின் நிறமும் பூச்சின் வயதும்

மார்ச் 4

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸில், ஒரு வீட்டுக் கொல்லைப்புற நீச்சல் குளம் இன்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கம்பி கட்டிய கான்கிரீட் தொட்டியின் உட்புறத்தில், வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்து ஏறத்தாழ அரை அங்குலக் கனத்தில் பூசப்படும் மேற்பூச்சே ‘பிளாஸ்டர்’ எனப்படுகிறது. குளத்தின் அழகும் ஆயுளும் இந்த மெல்லிய பூச்சைப் பொறுத்தவை. தரையில் பழுப்புத் திட்டுகளும், படிக்கட்டில் நீலப்பச்சைச் சாயலும், நீர்மட்டத்தை ஒட்டிய ஓடுகளில் வெள்ளைப் படிவும் காணப்பட்டதோடு, தடவிப் பார்த்தால் தரை உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

மார்ச் 5

கறையின் நிறம் அதன் காரணத்தை ஓரளவு காட்டிக்கொடுக்குமெனினும், சோதிக்காமல் முடிவுக்கு வருவது சரியன்று. இலைதழைகளின் சாயம் ஏறிய கறை குளோரின் பட்டால் வெளுக்கும். உலோகக் கறை அதற்கு மசியாது. பழுப்புத் திட்டு ஒன்றின்மேல் வைட்டமின் சி மாத்திரையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து எடுத்தபோது, மாத்திரையின் அளவுக்கே ஒரு வெள்ளை வட்டம் தெரிந்ததால், அது இரும்புக் கறை என்பது உறுதியாயிற்று. நீலப்பச்சை தாமிரத்தின் நிறம். தாமிரம் கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ, நீர்சூடேற்றியின் தாமிரக் குழாய் அரிக்கப்படுவதாலோ அது நீரில் சேர்கிறது.

மார்ச் 6

பூச்சு சொரசொரப்பானதற்குக் காரணம் நீரில் இருந்தது. வில்ஃப்ரெட் லாஞ்சலியர் 1936இல் வகுத்த குறியீடு, அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச், கால்சியம், காரத்தன்மை, வெப்பநிலை முதலியவற்றைச் சேர்த்துக் கணித்து, நீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா கரைக்குமா என்பதைச் சொல்கிறது. பூஜ்யத்தை ஒட்டியிருப்பது சமநிலை, மிகுந்தால் படிவு, குறைந்தால் அரிப்பு. கொலராடோ, சால்ட் ஆறுகளிலிருந்து இந்நகருக்கு வரும் நீர் இயல்பிலேயே கடினமானது. பாலைவன வெயிலில் நீர் ஆவியாக, தாதுக்கள் மட்டும் தங்கி ஓடுகளில் வெள்ளையாகப் படிகின்றன. மறுபுறம், அமிலத்தன்மை கொண்ட குளோரின் மாத்திரைகளையே நெடுங்காலம் நம்பியிருந்ததால் பிஎச் 6.8க்கு இறங்கி, அதே நீர் பூச்சின் சுண்ணாம்பைக் கரைத்துவந்திருக்கிறது. அரிக்கப்பட்ட பரப்பில் கறை எளிதில் தங்கும். ஆகவே கறையும் முதுமையும் இங்கே ஒன்றையொன்று வளர்த்தன.

மார்ச் 8

குளோரின் வைட்டமின் சியைச் சிதைத்துவிடும் என்பதால், குளோரின் அளவு வெகுவாகக் குறையும்வரை காத்திருந்து, அதே வைட்டமினான அஸ்கார்பிக் அமிலத்தின் தூள் தூவப்பட்டது. பழுப்புத் திட்டுகள் கண்ணெதிரே மங்கின. கறை மறைந்தாலும் இரும்பு நீரிலேயே இருப்பதால், உலோகத்தைப் பற்றிக்கொண்டு மீண்டும் படியவிடாத வேதிப்பொருள் சேர்க்கப்பட்டது. பின்னர் சமையல் சோடாவால் காரத்தன்மையும் பிஎச்சும் மெல்ல உயர்த்தப்பட்டன.

மார்ச் 22

ஒரே இடத்தில் மட்டும், நடுவில் கரும்புள்ளியுடன் துருக்கறை திரும்பி வந்துள்ளது. கம்பி கட்டும் கம்பியின் நுனி பூச்சுக்கு அருகில் துருப்பிடிப்பதன் அடையாளம் இது, மருந்தால் தீராது. நீரை இறக்கி, அவ்விடத்தைக் கொத்தி, கம்பியை ஆழத்தில் வெட்டியெடுத்துப் புதுப்பூச்சு வைப்பதே வழி. வெறுமையாக விடப்பட்ட குளத்தின் பூச்சு கடும் வெயிலில் காய்ந்து வெடிக்கும் என்பதால், கோடைக்கு முன்பே அதை முடித்தாக வேண்டும்.

மார்ச் 23

நீரை வடித்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் குளம் ஒரே நாளில் பளிச்சிடும் என்பது உண்மை. ஆனால் அந்த வெண்மை பூச்சின் மேல்தோலைக் கரைத்துப் பெறப்படுவது. அரை அங்குலப் பூச்சு அத்தகைய கழுவல்களைச் சில முறைக்கு மேல் தாங்காது. ஆகவே குளம் வைத்திருப்போர் கறையின் காரணத்தை முதலில் கண்டறிந்து, நீரின் சமநிலையை வாரந்தோறும் அளந்துவர வேண்டும். அமிலம் கடைசி வழியாகவே இருக்கட்டும்.