கபிலர் குன்றருகே, புள்ளிப் புள்ளியாக ஒரு மாலை

திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலைத் தாண்டித் தென்பெண்ணைக் கரையில் இறங்கியபோது மணி ஐந்தரை. மழை முடிந்த கையோடு போனதால் ஆற்றில் தண்ணீர் இருந்தது. கபிலர் குன்றின் நிழல் நீரில் நீண்டு கிடந்தது. மேற்கே மரங்களுக்கு மேல் உலகளந்த பெருமாள் கோயில் ராஜகோபுரம். அதன் ஓரமெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். தூரிகை இல்லை. காது குடையும் பட்ஸைப் போஸ்டர் கலரில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கலரக் கலந்தா மங்கிடும் சார். பக்கத்துல பக்கத்துல வச்சுட்டா நம்ம கண்ணே சேத்துக்கும்."

அட்டையருகே குனிந்தேன். கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு, ரோஸ், நீலப் புள்ளிகள்தான். இடையிடையே வெறும் வெள்ளைத் தாள். தண்ணீருக்கு மட்டும் புள்ளிகளைப் படுக்கைவாக்கில் இழுத்திருந்தார். பத்தடி பின்னால் போனதும் கோபுரம் எழுந்து நின்றது, ஆறு ஓடியது.

இந்தப் புள்ளி முறையின் அடிப்படையைச் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல். கோபெலின் நெசவுக்கூடத்தில் ஒரு நூல் மங்கித் தெரியச் சாயம் காரணமல்ல, பக்கத்து நூலின் நிறமே காரணம் என்று கண்டு 1839-இல் புத்தகமாக எழுதினார். அதைப் புள்ளி ஓவியமாக்கிய ஓவியர் சோரா 1891-இல் 31 வயதிலேயே இறந்துபோக, நண்பர் பால் சின்யாக் (1863–1935) தொடர்ந்தார். ரோன் ஆற்றங்கரையில் அவின்யோன் நகரத்துப் போப் அரண்மனையை அந்திவெயிலில் அவர் வரைந்த படம் பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு, கரையில் உயர்ந்த கட்டடம், சாயும் வெயில்: இங்கேயும் அதேதான்.

வள்ளல் பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் எதிரே இருக்கும் குன்றில் தீப்புகுந்ததை வீரட்டேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் குன்றைக் கறுப்பாகத் தீட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஊதாவும் சிவப்புமாகப் புள்ளி வைத்தார். "கல்லு கறுப்பு இல்ல சார், நல்லாப் பாருங்க." பார்த்தேன், ஊதாதான்.

என் செல்போன் படத்தில் வானம் வெளுத்துக் கோபுரம் இருண்டிருந்தது. அவர் அட்டையில் இரண்டும் ஒளியோடு இருந்தன. கண் பார்த்ததற்கு அதுவே நெருக்கம்.

கள்ளக்குறிச்சி மாவட்ட ஓவிய ஆசிரியர்களே, ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே ஒரு மாலை பிள்ளைகளை இங்கே கூட்டி வாருங்கள். ஒரு அட்டை, நாலைந்து கலர், ஒரு டப்பா பட்ஸ் போதும்.