சுற்றுலா விசாவில் ஒரு வேலை

என் லாத்தாவின் மகனுக்குப் பாங்காக்கில் கணினி வேலையாம், கைநிறையச் சம்பளமாம். முகவர் தந்ததோ சுற்றுலா விசா! எனக்கு நெஞ்சம் பதறியது.

2022-இல் இவ்வாறு நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டார்கள். இத்தகைய ஆள்கடத்தலை ஒடுக்க 2023 மே மாதத்தில் ஆசியான் தலைவர்கள் பிரகடனம் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் அக்கும்பல்கள் இயங்கும் பகுதிகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. மார்ச்சில் 549 இந்தியர் மீட்டு வரப்பட்டனர்.

இவற்றை அவனிடம் எடுத்துரைத்தேன்.

"அடிபடுவது இருக்கட்டும் மாமா, அடுத்தவர் பணத்தையல்லவா திருடச் சொல்வார்கள்!" என்றான். பயணத்தைக் கைவிட்டான்.

அரசுகள் கைகோத்தாலும் முதற்காவல் நம் இல்லமே. சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், வேலை ஹலாலானதா என்று விசாரிப்போம். ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ்வே.