கார்த்திகையில் வாங்கும் ரோஜா

ஐப்பசி 12

விடியற்காலையிலிருந்து விட்டு விட்டு மழை. ஏரிக்குப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். வாசலில் இருக்கும் மஞ்சள் ரோஜாவின் கீழ் இலைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. புள்ளியின் ஓரம் சீராக இல்லை. நனைந்த தாளில் மை ஊறியதைப்போலப் பிசிறு பிசிறாகப் பரவியிருக்கிறது. அதைச் சுற்றி இலை பழுக்கிறது. காம்பைத் தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது. பக்கத்திலேயே எட்வர்டு ரோஜா நிற்கிறது, அதுவும் இதே மழையில்தான் நனைகிறது. அதற்கு ஒன்றிரண்டு இலையோடு நோய் நின்றுவிட்டது.

அத்தைக்கு வெள்ளிக்கிழமை கங்கையம்மனுக்கு வைக்க மஞ்சள் ரோஜாதான் வேண்டும். "சாமந்தி இருக்குதே அத்தை" என்றேன். "அது கடையில வாங்குற பூ. இது நம்ம வாசல்ல பூக்குறதும்மா" என்றார். அவர் சொல்வது நியாயம். இந்த ஊர் மழையையும் உப்புக்காற்றையும் தாங்கி, மருந்து கேட்காமல் பூக்கிற மஞ்சள் ரோஜா ஒன்றைத் தேட வேண்டும்.

ஐப்பசி 15

மஞ்சளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரும்புள்ளி? காரணம் அதன் வம்சத்தில் இருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-துஷே 1900-இல் 'சொலேய் தோர்' என்ற ரோஜாவை வெளியிட்டார். பெரிய பூ ரோஜாக்களில் அடர் மஞ்சள் வந்த வழி அதுதான். அந்த மஞ்சளை அவர் பாரசீக மஞ்சள் ரோஜாவிலிருந்து எடுத்தார். அது மேற்காசியாவின் வறண்ட மலைநாட்டுச் செடி. கோடை முழுக்கச் சொட்டு மழை பார்க்காத இடத்தில் வளர்ந்த செடிக்கு, ஈர இலையில் முளைக்கும் பூசணத்தை எதிர்க்கும் தெம்பு எங்கிருந்து வரும்? நிறத்தோடு அந்தக் குறையும் சேர்ந்தே இறங்கியது. இன்று கடையில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை.

கரும்புள்ளிப் பூசணத்துக்கு இலையில் சுமார் 7 மணி நேரம் ஈரம் நின்றால் போதும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே நாள்கணக்கில் இலை காய்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தத் தெருவில் இலையோடு நின்ற மஞ்சள் ரோஜா ஒன்றுகூட இல்லை.

ஐப்பசி 21

பாரசீகம் கலக்காத மஞ்சளும் உலகத்தில் உண்டு. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன டீ ரோஜாக்களின் மஞ்சள் அது. இளமஞ்சள், சிலதில் வெண்ணெய் நிறம், சிலதில் கொஞ்சம் பாதாமி நிறம். 1864-இல் வந்த 'மரெஷால் நீல்' அந்த வழிக் கொடி. டீ ரோஜாக்கள் குளிரைத் தாங்காது, வெயிலை விரும்பும். ஐரோப்பியனுக்கு அது குறை, நமக்கு அதுதான் வேண்டும்.

இதை நம் நாட்டில் விடாமல் சொல்லிவருபவர் கொடைக்கானலில் இருக்கும் எம்.எஸ். வீரராகவன். முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. குளிர்நாட்டுக்காக உருவான ரோஜாக்களை இந்தியச் சமவெளியில் நட்டு, மருந்தடித்து மருந்தடித்துக் காப்பாற்றுவது எதற்கு என்பது அவர் கேள்வி. மணிப்பூர், பர்மா பக்கத்துக் காட்டுக்கொடியான ஜைகான்டியாவையும், வங்காளத்தில் ஆற்றங்கரை ஈரத்தில் நின்று வளரும் கிளைனோஃபில்லாவையும் பெற்றோராக வைத்துப் புது ரோஜாக்களை உருவாக்கினார். கிளைனோஃபில்லாவை நினைத்தால் எனக்கு ஆசையாக இருக்கிறது. வெள்ளத்தில் கால் நனைந்தும் சாகாத ரோஜா, இந்த ஏரிக்கரைக்கு அதைவிடப் பொருத்தமான சொந்தம் வேறு ஏது? அந்த ரகங்கள் சாலையோர நர்சரிக்கு வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஜெர்மனியில் புதிய ரோஜாக்களைத் தேர்வு செய்யும் ஏ.டி.ஆர். சோதனைத் தோட்டங்களில் 1997 முதல் மருந்தே அடிப்பதில்லை. மருந்தில்லாமல் எது நிற்கிறதோ அதற்குத்தான் சான்று. நமக்கு ஏ.டி.ஆர். கிடையாது. ஆனால் கார்த்திகை மாதம் இருக்கிறது.

கார்த்திகை 9

எல்லோரும் தை மாதம் ரோஜா வாங்குவார்கள். பூ நிறைய இருக்கும், இலை புதிதாகத் துளிர்த்துச் சுத்தமாக இருக்கும். எந்தச் செடி நோயாளி என்று அப்போது கண்டுபிடிக்கவே முடியாது. அடைமழை இரண்டு சுற்று அடித்த பிறகு போனால் செடியே சொல்லிவிடும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். செடிகள் ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. பெயர்ச்சீட்டு கிடையாது. பெரிய பூ மஞ்சள் வரிசை முழுக்கக் குச்சியாக நின்றது, உச்சியில் மட்டும் நாலு இலை. அதற்குப் பின்னால் இளமஞ்சளில் கொத்துப்பூ வைக்கும் செடிகள் கொஞ்சம். இலை தடிப்பு, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு, அடிவரை உதிராமல் இருந்தது. "அது கலர் கம்மிக்கா, யாரும் கேக்குறதில்ல" என்றார் நர்சரித் தம்பி. யாரும் கேட்காததால் மருந்தும் அடித்திருக்க மாட்டார்கள். குனிந்து கீழ் இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஒட்டு முடிச்சுக்குக் கீழே காட்டுத்துளிர் வந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். அதையே எடுத்துவந்தேன். பூவின் நிறம் வெளுப்புதான். இலை நிற்கிற செடியில் வெளுத்த பூ, இலையில்லாத குச்சியில் பொன் பூவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கார்த்திகை 14

தரையில் நடவில்லை. இங்கே எங்கே தோண்டினாலும் கிளிஞ்சல் தூள். ரோஜாவுக்கு லேசான புளிப்பு மண் வேண்டும், கார அமில நிலை (pH) 6-லிருந்து 6.5 வரை. கிளிஞ்சல் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது கொழுந்து இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கரும்புள்ளியில் பழுப்பது அடி இலை, இதில் வெளுப்பது நுனி இலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய.

பெரிய தொட்டி, செம்மண், மக்கிய சாணம், கொஞ்சம் மணல். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். கிணறு கோடையில் உப்பு ஏறிவிடும் என்பதால் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைக்கிறேன். தெற்குச் சுவரோரம் வைக்கச் சொன்னார்கள், வேண்டாமென்று காற்றுவாக்கில் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் காற்றுதான் இலையைக் காயவைக்கும். உப்பு படிந்தால் காலையிலேயே நல்ல தண்ணீரில் அலசிவிடலாம், மதியத்துக்குள் உலர்ந்துவிடும்.

மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறவைத்த மீன் அமிலம் தயாராகிக்கொண்டிருக்கிறது. 10 லிட்டருக்கு 100 மில்லி, வேரில்தான் ஊற்றுவேன்.

தை 6

மழை ஓய்ந்து பனி. கீழே நாலைந்து இலையில் புள்ளி வந்தது, பொறுக்கி எரித்துவிட்டேன். மற்றபடி செடி முழு இலையோடு இருக்கிறது. அத்தைக்கு முதல் கொத்து போன வெள்ளியே கிடைத்துவிட்டது. "வெளுப்பா இருந்தாலும் வாசனை இருக்குதும்மா" என்றார்.

இன்று காய்ந்த நுனிகளை வெட்டினேன். வெட்டிய வாயில்தான் நுனிக்கருகல் இறங்கும், அதற்கு போர்டோ பசை. பிரான்சில் போர்டோ திராட்சைத் தோட்டங்களுக்காக மில்லார்டே 1885-இல் சொன்ன மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும். ஒரு லிட்டருக்கு இரண்டும் 100 கிராம். மண்ணில் ரோஜாவைக் கெடுக்கிற அதே கிளிஞ்சல், சுட்டுச் சுண்ணாம்பானால் அதைக் காக்கிறது. துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்தேன், சுண்ணாம்பை இன்னொன்றில். இரண்டையும் சேர்த்து மூன்றாவதில் ஊற்ற, வானநீலத்தில் கெட்டியாகத் திரண்டது. அத்தை பானையில் ஊறவைத்த சுண்ணாம்பு, அதில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது. அதனால் அரிவாள்மணைக் கத்தியைத் தேய்த்து முக்கி எடுத்தேன். செம்பு நிறம் படிந்தது. துத்தம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊற்றி மறுபடி முக்கினேன். இம்முறை கத்தி வெள்ளையாகவே வந்தது.

தீப்பெட்டிக் குச்சியில் பஞ்சு சுற்றி ஒவ்வொரு வெட்டிலும் தடவினேன். பசை மிஞ்சியது. பக்கத்து வீட்டு எலுமிச்சை அடிமரத்தில் பிசின் வடிகிறது, அதற்குப் பூசக் கொடுத்தேன்.