நூலளவு முளை

அம்மாயி ராகியை இரவெல்லாம் ஊறவைத்து, வடித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிவைப்பாள். மறுநாள் மூட்டைக்குள் கைவிட்டால் கதகதவென்று இருக்கும். "உள்ள மூச்சு உடுது கண்ணு" என்பாள். வெள்ளை முளை நூலளவு தலைகாட்டியதும் வெயிலில் உலர்த்தி, தேய்த்துப் புடைத்து, இளஞ்சூட்டில் வறுப்பாள். "கருக உட்டா கஞ்சி எளகாது" என்பாள்.

தனிக்குடித்தனம் வந்தபின் நானே ஒருமுறை கட்டினேன். வேலை மும்முரத்தில் மூட்டையை மறந்துபோனேன். அவிழ்த்தபோது முளைகள் பாய்போலப் பின்னிக் கிடந்தன. புளித்த வாடை அடித்தது. அத்தனையும் குப்பைக்குழிக்குப் போனது.

பீருக்கு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், செய்யும் விதத்தைப் படித்தபோது அந்த மூட்டைதான் கண்முன் வந்தது. இங்கிலாந்தின் வார்மின்ஸ்டர் ஊரில் இன்றும் பார்லியைத் தரையில் பரப்பித்தான் முளைகட்டுகிறார்கள். தண்ணீரில் போட்டும், இடையிடையே வடித்துக் காற்றாட விட்டும் ஊறவைத்த மணியில் நூற்றுக்கு 45 பங்கு நீர் ஏறியிருக்கும். பிறகு நாலைந்து நாள் தரையில் கிடக்கும். சூடேறாமலும் வேர்கள் பின்னாமலும் இருக்க, அவ்வப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நான் தவறவிட்டது அந்தக் கவனத்தைத்தான்.

முளைக்கும் விதை, தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக்கித் தின்பதற்கு நொதிகளைச் சுரக்கிறது. முளை அதைத் தின்று தீர்ப்பதற்குள் சூளையில் ஏற்றி உலர்த்திவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை இளஞ்சூடு. காய்ந்தபின் 80 டிகிரி அளவுக்கு உயர்த்தலாம். ஈரத்தோடு கடுஞ்சூடு பட்டால் நொதி செத்துவிடும். 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற இரும்பு உருளையில், காப்பிக்கொட்டை போல வறுத்த கரிய மால்ட் போர்ட்டர் பீருக்கு நிறம் தந்தது. அதில் நொதி மிஞ்சாது; மாவைச் சர்க்கரையாக்க வெளிர் மால்ட்தான் வேண்டும்.

நொறுக்கிய மால்ட் ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடந்தால் இனிப்பான சாறாகிவிடும். அதை வடித்து, ஹாப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட்டுக்கு மாவு செரிக்காது, சர்க்கரைதான் உணவு. மாவைச் சர்க்கரையாக்கும் பொருளை 1833-இல் பாயென், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மால்ட்டிலிருந்து பிரித்து, டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள்.

அம்மாயியின் கஞ்சி இளகியதும் இதே நொதியின் வேலையால்தான். சாதா ராகிக் கஞ்சி சீக்கிரம் கட்டிப்படும். முளைகட்டிய மாவுக் கஞ்சி இளகியே நிற்கும். அதனால் ஒரே கிண்ணத்தில் குழந்தைக்குக் கூடுதல் மாவு கரைக்கலாம்.

வீட்டில் முளைகட்டுகிறவர்களே, முளை நூலளவு தெரிந்ததும் மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். வறுக்கும்போது அடுப்பைத் தணித்து வையுங்கள்.