போல்ட் வெந்த கதை

ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அபார்ட்மெண்ட் ஆகும்போது மின்சாரமும் கீழே ஒரு இரும்பு அலமாரிக்குள் குடிவந்துவிடுகிறது. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு உறை போட்ட நாலு உலோகப் பட்டைகள். பெயர் பஸ்பார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அதே 'பஸ்'தான். 'எல்லாருக்கும்' என்று அர்த்தமாகும் லத்தீன் 'ஆம்னிபஸ்'ஸின் வால். மெயின் கேபிளில் வரும் கரண்ட் இதில் ஏறி, வீடு வீடாக இறங்கிக்கொள்கிறது.

பட்டை செம்பாக இருக்கலாம், அலுமினியமாக இருக்கலாம். அலுமினியம் செம்பில் சுமார் 61 சதவிகிதம்தான் கடத்தும். ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் பட்டையைக் கொஞ்சம் தடியாகப் போட்டால் பாதி எடையில் அதே வேலை நடந்துவிடும். விலையும் மலிவு. பில்டருக்கு வேறென்ன வேண்டும்?

சங்கடம் இணைப்பில். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஆக்ஸைடு படலம் உருவாகிறது. அது கரண்டுக்கு ஆகாது. செம்பை நேராக அதன்மேல் வைத்து முடுக்கினால், ஈரம் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

என் சித்தி பையன் ஃப்ளாட்டில் ராத்திரி ஏசி எல்லாம் ஓடும்போது கீழே கருகல் வாசனை. எலக்ட்ரீஷியன் சப்ளையை நிறுத்திவிட்டு உறையைக் கழற்றினார்.

"பட்டை நல்லாத்தான் இருக்கு ஸார். போல்ட்டுதான் வெந்துபோச்சு."

பிற்பாடு யாரோ இழுத்த செப்பு ஒயரின் லக்கை அலுமினியத்தில் அப்படியே முடுக்கியிருந்தார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். இணைப்பின் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், 200 ஆம்பியர் போனால் 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை உள்ளே மறந்து வைத்த மாதிரி. சூட்டில் தடை ஏறும், தடையால் சூடு ஏறும். ஃப்யூஸ் போகாது, அது பார்ப்பது கரண்டை, சூட்டை அல்ல. அலமாரியை ஒட்டி ஸ்கூட்டர்கள், பெட்ரோலோடு. அதற்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பாய்.

பட்டையைச் சுரண்டி, கிரீஸ் தடவி, வெள்ளீயம் பூசிய லக் போட்டு, ஸ்ப்ரிங் வாஷரோடு முடுக்கினார். அலுமினியம் மெத்து, ரொம்ப முறுக்கினால் நசுங்கி மறுபடி தளர்ந்துவிடுமாம்.

ஸ்கூட்டர்களும் பாயும் அன்றைக்கே இடம் மாறின. வருஷம் ஒரு தடவை சப்ளையை நிறுத்தி போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் சொன்னதற்கு ஒரே ஆட்சேபணைதான் வந்தது: "சீரியல் டயத்தில வேண்டாம்."