சத்தம் போடாத பெட்டி

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இரவில் பேசுமா? எங்கள் வீட்டில் இருந்தது பேசும். பேசும் என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் மாவு மில் மாதிரி இரையும்.

பகலில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் மாதம் முப்பது நாளும் ஓடும். வேலை மும்முரமானால் பிராஸஸர் கொதிக்கும். அதன் தலையில் உட்கார்ந்திருந்த சின்ன விசிறி, பிராஸஸருடன் இலவசமாக வந்தது, உடனே கூச்சல் போட ஆரம்பிக்கும். படத்தில் முழங்கும் கெட்டிமேளம் கூட அதற்கு முன்னால் எடுபடாது.

எங்கள் வீட்டில் கூடம் ஒன்றுதான். ஒரு மூலையில் கம்ப்யூட்டர். இன்னொரு மூலையில் என் தாயாரின் கட்டில். "தூக்கம் கெடுகிறதா, அம்மா?" என்று கேட்டால், "அது பாட்டுக்கு ஓடட்டும், ராஜா" என்பாள். நானும் அதைச் சௌகரியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை, கட்டிலருகே இருந்த கூஜா காலியாகக் கிடந்தது. "ராத்திரி தண்ணீர் வேண்டியிருக்கவில்லையா?" என்றேன்.

"மூன்று தரம் கூப்பிட்டேன். நீ வேலையாக இருந்தாய். அப்புறம் விட்டுவிட்டேன்" என்றாள், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல.

பத்தடி தூரம், நேயர்களே! பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுப் பணத்திலிருந்து 6,000 ரூபாயை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவள் பேசியிருந்தால் கூடத் தேவலை.

அன்று மாலையே ரிச்சி தெருவுக்குப் போனேன். என் யோசனை மிகவும் எளிது. நாலு பக்கமும் அடைத்த கனமான பெட்டியாக வாங்கி, சத்தத்தை உள்ளேயே பூட்டிவிடுவது! கடைப் பையன் சிரித்தான்.

"மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், ஸார். இரைக்கும் அல்லவா? பெட்டிக்கும் அப்படித்தான்."

காற்றுக்குத் தாராளமாக வழி விட்டால் விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்குமாம். 10 இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். ஆகவே, கண்ணாடியும் வர்ண விளக்குமாக மினுக்கிய பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் சல்லடை போல் வலை போட்ட சாதாரணப் பெட்டியை எடுத்தேன். அதில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. முன்னால் ஒன்று காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பெரிய இறக்கை சோம்பல் நடை நடந்தே வேலையை முடித்துவிடும்.

பிராஸஸருக்குக் கோபுரம் போன்ற கூலர் ஒன்று. அதில் செப்புக் குழாய்கள் நான்கு. குழாய்க்குள் இருக்கும் கொஞ்சம் திரவம் சூட்டில் ஆவியாகி, தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து திரும்பி வருகிறது. இட்லிப் பானை மூடியில் ஆவி முத்து முத்தாகத் துளிர்த்துச் சொட்டுகிறதே, அந்தச் சமாசாரந்தான்! தண்ணீரை பம்ப் வைத்துச் சுற்றவிடும் கூலரும் காட்டினார்கள். என் 65 வாட் பிராஸஸருக்கு அது சுண்டெலி பிடிக்க யானையைக் கட்டின கதை. பம்புக்கும் ஒரு குரல் உண்டு.

ஒரு எச்சரிக்கை: கூலரின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்குங்கள். என் கூலர் 155 மில்லிமீட்டர். முதலில் ஆசைப்பட்ட பெட்டி 150-க்கு மேல் இடம் கொடுக்காது. கதவு மூடாமல் திரும்பியிருப்பேன். பிராஸஸர் உட்காரும் சாக்கெட்டுக்கு அந்தக் கூலர் பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில், பட்டாணி அளவு பசையைப் பிராஸஸர் மேல் வைத்துக் கூலரை இறுக்கினேன். பிறகு பயாஸுக்குள் போய், சூடு ஏறினாலொழிய விசிறிகள் அவசரப்படக் கூடாது என்று உத்தரவிட்டேன். இதற்குக் காலணா செலவில்லை. சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரி இருந்தால், எந்த விசிறியும் பிராஸஸரை அதற்குக் கீழே குளிர்விக்காது என்பது வாஸ்தவம். ஆனால் கூச்சல் போடாமல் சமாளிக்கிறது. மாதம் ஒரு தரம் தூசி வலையைத் தட்டிவிடுகிறேன்.

முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஏன் ராஜா, மிஷின் கெட்டுப் போய்விட்டதா?"

"இல்லை, அம்மா. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது."

"அப்படியானால் கொஞ்சம் தண்ணீர் கொடு."

இப்போதெல்லாம் அவள் கூப்பிடக் கூட வேண்டாம். புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடுவது எனக்குக் கேட்கிறது.