ஆவடிக்கு வந்த ஆர்மடில்லோ

சென்ட்ரலில் திருவள்ளூர் ரயிலைப் பிடித்தால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், அப்புறம் ஆவடி. தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதை இது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் கிளம்பிய வண்டி இந்த வழியாகத்தான் வாலாஜா ரோடுக்குப் போனது. இன்று ஜன்னலோரம் உட்கார்ந்தால் தொழிற்பேட்டைக் கூரைகள், அடுக்குமாடிகள், கோடையில் சுருங்கி ஐப்பசியில் ததும்பும் ஏரிகள் என மாறி மாறி வரும்.

ஆவடி என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி வண்டிதான். கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தாவும் அர்ஜுனும் உருவான ஊர். 'ஆவடி' என்ற பெயரே கவச வண்டிகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். டாங்க் தொழிற்சாலை வந்தது 1961-ல். நேரு கலந்துகொண்ட ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்தது 1955-ல். பெயர் மூத்தது, தொழிற்சாலை இளையது.

ஆனால், கவசம் போட்ட இன்னொன்றும் இந்த ஊருக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அமெரிக்கக் கண்டத்து விலங்கான ஆர்மடில்லோ, நம் ஊர் அழுங்கைப் போல உடம்பின் மேல் கவசம் போர்த்தியது. ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்கே 'குட்டிக் கவசக்காரன்' என்றுதான் பொருள். விலங்கு உயிரோடு வரவில்லை. அதன் திசுவில் வளர்ந்து, கொல்லப்பட்ட கிருமிகள் ஊசி மருந்தாக வந்தன. தொழுநோய்க் கிருமிகள்.

அந்தக் கதையைத் தேடிப் போகிறவர்கள் அம்பத்தூரில் இறங்கி அயப்பாக்கம் போக வேண்டும். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, ஏரி, டியூஷன் போர்டுகள், மாவுக் கடைகள். இவற்றுக்கு நடுவே இருக்கிறது ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். கொரோனா காலத்தில் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்து, எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று கணக்கெடுத்தார்களே, அந்தப் பணியை முன்னின்று நடத்தியது இந்த நிறுவனம்தான். 1999-ல் இரண்டு அமைப்புகளை இணைத்து இதை உருவாக்கினார்கள். ஒன்று, சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனம். மற்றொன்று, ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய்க் களப் பிரிவு. ஆக்ராவில் ஜப்பானியர்கள் தொடங்கிய 'ஜால்மா' தொழுநோய் மையத்தின் கிளை அது.

அந்தக் களப் பிரிவு என்ன செய்தது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் நார்வே வரை போய்வர வேண்டியிருக்கிறது.

19-ம் நூற்றாண்டில் நார்வேயின் கடற்கரை ஊர்களில் தொழுநோய் பரவலாக இருந்தது. அதை ஆராயச் சொல்லி 1859-ல் அந்நாட்டு அரசு அழைத்தது ருடால்ஃப் விர்ஷோவை. நோய் என்பது உடலின் செல்களில் நிகழும் மாற்றம் என்று சொல்லி, நவீன நோய்க்குறியியலுக்கு அடித்தளம் போட்ட ஜெர்மன் மேதை அவர். இன்று நாம் லேபில் கொடுக்கும் ஒவ்வொரு 'பயாப்ஸி'க்கும் அவர் ஒருவகையில் பாட்டனார். தொழுநோயாளிகளின் தோலில் நுரை பொங்கினாற்போல் உப்பியிருந்த செல்களை அவர் விவரித்தார். அவற்றுக்கு இன்றும் 'விர்ஷோவ் செல்' என்றே பெயர். ஆனால், அந்த நுரைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

பிடித்தவர் பெர்கன் நகரத்து மருத்துவர் அர்மாவர் ஹான்சன். 1873-ல் நோயாளிகளின் திசுவில் குச்சி குச்சியான கிருமிகளைக் கண்டார். அதுவரை பரம்பரை என்றும் சாபம் என்றும் சொல்லப்பட்ட நோய்க்கு ஒரு கிருமி காரணம் என்றார். பரம்பரை நோய்தான் என்று பிடிவாதமாக நின்ற மூத்த மருத்துவர் டேனியல்சன், ஹான்சனின் மாமனார்! வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ.

ஹான்சனின் கதையில் ஒரு கறையும் உண்டு. கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று நிரூபிக்க, 1879-ல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவர் சம்மதம் கேட்காமலேயே தொழுநோய்த் திசுவைச் செலுத்தினார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஹான்சன் மருத்துவமனைப் பதவியை இழந்தார். கிருமியைக் கண்டுபிடித்த பெருமை ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பெண்ணுக்குச் செய்தது தவறு என்று அந்தக் காலத்திலேயே ஒரு நீதிமன்றம் சொன்னது என்பது முக்கியம்.

கிருமியைக் கண்டாயிற்று, வளர்க்க முடியவில்லை. தொழுநோய்க் கிருமி ஆய்வகக் கிண்ணத்தில் வளராது. இன்றுவரை வளரவில்லை. வளராத கிருமிக்குத் தடுப்பூசி செய்வது எப்படி?

இங்கே வருகிறார் வசந்த் ராம்ஜி கானோல்கர். இந்திய நோய்க்குறியியலின் முன்னோடி. லண்டனில் படித்துவிட்டு பம்பாய் திரும்பி, டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வகங்களுக்குத் தலைமை தாங்கியவர். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில், தோல் தேய்ந்து தேய்ந்து உண்டாகும் புற்றுநோயை 'வேட்டிப் புற்றுநோய்' என்று மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர். மைக்ராஸ்கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், எதைப் புகைக்கிறார்கள் என்றும் பார்த்த டாக்டர்.

புற்றுநோய்க்காரராக அறியப்பட்டாலும், தொழுநோயை அவர் விடவே இல்லை. மிக ஆரம்ப நிலைத் தேமல்களின் திசுக்களை எடுத்து, கிருமி நரம்புகளை எப்படித் தாக்குகிறது என்று ஆராய்ந்தார். 1958-ல் பம்பாயின் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் பாபட், ரணதிவே ஆகியோருடன் சேர்ந்து, ஒரு தொழுநோயாளியின் உடலிலிருந்து வேறொரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். தொழுநோய்க் கிருமியின் தூரத்து உறவு அது. மையத்தின் பெயரிலேயே அதற்கு 'ஐ.சி.ஆர்.சி.' என்று பெயர். பின்னாளில் இன்னொரு நோய்க்குறியியலாளரான எம்.ஜி.தேவ் அதைக் கதிர்வீச்சால் கொன்று தடுப்பூசியாக்கினார்.

வேறு வழிகளும் திறந்தன. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். அதனால்தான் காது மடல், மூக்கு, விரல் என்று உடம்பின் குளிர்ந்த ஓரங்களைத் தேடிப் போகிறது. ஆர்மடில்லோவின் உடல் வெப்பம் மனிதரைவிடக் குறைவு. 1971-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கிர்க்ஹைமரும் ஸ்டோர்ஸும் அதன் உடலுக்குள் கிருமி ஏராளமாகப் பெருகுவதைக் காட்டினார்கள். அப்படி வளர்த்துக் கொல்லப்பட்ட கிருமியை பி.சி.ஜி-யோடு கலந்து போடலாம் என்பது வெனிசுலாவின் ஹசிந்தோ கொன்விட் காட்டிய பாதை. டெல்லியில் ஜி.பி.தல்வார் 'எம்.டபிள்யூ' என்ற மற்றொரு கிருமியைக் கொண்டு வந்தார்.

எது வேலை செய்யும்? அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆவடி களப் பிரிவின் தலையில் விழுந்தது. டாக்டர் எம்.டி.குப்தே தலைமையில் 1991 ஜனவரியில் ஊசி போடும் பணி தொடங்கியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதி அது. அங்கே சுமார் 3 லட்சம் பேரில் 2,16,000 பேர் ஊசிக்குத் தகுதியானவர்கள் என்று கண்டறிந்தார்கள். விருப்பப்பட்டு முன்வந்தவர்கள் 1,71,400 பேர். இரண்டரை ஆண்டுகள் பிடித்தது. பி.சி.ஜி. தனியாக, பி.சி.ஜி-யும் ஆர்மடில்லோ கிருமியும் சேர்த்து, எம்.டபிள்யூ, ஐ.சி.ஆர்.சி., கூடவே வெறும் உப்பு நீர். யாருக்கு எது போனது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இந்த ஊர்களுக்கு ஊசி ஆராய்ச்சி புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1968 முதல் திருவள்ளூரைச் சுற்றி உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்திருக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற, யாரும் விரும்பாத பதிலை உலகுக்குச் சொன்னது இந்த மண். அதற்குப் பிறகும் 1,71,400 பேர் கையை நீட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் டாக்டர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இவர்கள் வெறும் எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் திரும்பப் பார்க்க வேண்டும். நிறம் மங்கிய தேமல் இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று தோலைச் சோதிக்க வேண்டும். ஒரு தெருவில் தொழுநோய்ப் பரிசோதனை ஜீப் நின்றாலே, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்த காலம். அந்தப் பயத்துக்குச் சட்டமே துணை நின்றது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019-ல்தான் நீக்கப்பட்டது. அப்படிப்பட்ட சூழலிலும் இரண்டு சுற்று மறு ஆய்விலும் 70 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து முடித்ததுதான் ஆவடிக் குழுவின் சாதனை.

1998 டிசம்பரில் ரகசியக் குறியீட்டைப் பிரித்தார்கள். எம்.டபிள்யூ 25.7 சதவிகிதப் பாதுகாப்பு. தனி பி.சி.ஜி. 34.1. ஆர்மடில்லோ கலவை 64. கானோல்கர் பிரித்தெடுத்த கிருமியிலிருந்து பிறந்த ஐ.சி.ஆர்.சி. 65.5. முதல் இரண்டு இடங்களும் ஏறத்தாழ சமம். பெரியவர் அதைப் பார்க்க இல்லை. 1978-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும், முன்னணியில் நின்ற அந்த இரண்டு ஊசிகளும் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வரவில்லை. பின்தங்கிய எம்.டபிள்யூ-தான், நோய் வந்தவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்துத் தரும் துணைச் சிகிச்சையாக அனுமதி பெற்றது. காரணம் புரியாததல்ல. சோதனை நடந்துகொண்டிருந்தபோதே கூட்டு மருந்துச் சிகிச்சை ஊர் ஊராகப் பரவி, நோயாளிகளின் எண்ணிக்கையைச் சரித்துவிட்டது. 2005 இறுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. குறைந்துபோன நோய்க்கு யார் தடுப்பூசி தயாரிப்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால், இன்றும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

அயப்பாக்கத்திலிருந்து திரும்புகிறவர்கள் திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லிக்கும் போகலாம். வழியில் கருமாரியம்மன். அம்மைக்கு வேப்பிலை கட்டி வேண்டிக்கொள்ளும் சனம் இன்றும் அங்கே கூடுகிறது. திருக்கச்சி நம்பி பிறந்த பூந்தமல்லியில் பெருமாள் கோயிலோடு, சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனமும் இருக்கிறது. தேமலைக் கண்டால் ஊசிமுனையாலோ பேனா முனையாலோ மெல்லத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. உணர்ச்சியற்ற தேமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை. உடன் வசிப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ரிஃபாம்பிசின், ஒரே ஒரு வேளை.